நாட்பட்ட சைனஸில் மாறிப்போகும் மூக்குச் சவ்வு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் சைனஸ் தொல்லை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தலையில் கோத்த நீரை எப்படியாவது இறக்கிவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தையே அது வாசகர்களுக்குத் தரும் என்று அஞ்சுகிறேன். மூக்கிலிருந்து எடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவதையே பல்லாண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். சளி பிடித்தால் வந்து சில நாட்களில் போய்விடும் சைனஸ் வேறு, 12 வாரங்களைக் கடந்தும் விடாத நாட்பட்ட சைனஸ் வேறு என்பதை வாசகர்கள் அறிய வேண்டும்.

மூக்கின் உட்புறத்தையும் அதைச் சுற்றியுள்ள, சைனஸ் எனப்படும் நான்கு ஜோடிக் காற்றறைகளையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. நொடிக்குச் சுமார் 10 முறை அசையும் அவை, தூசியும் கிருமியும் ஒட்டிய சளிப் படலத்தை அந்தந்த அறையின் வாயை நோக்கி இடைவிடாமல் நகர்த்துகின்றன. கன்னத்து அறையின் வாய் அதன் அடியில் இல்லாமல் மேற்பகுதியில் அமைந்திருப்பதால், அங்கே சுரக்கும் சளி புவியீர்ப்பை எதிர்த்து மேலேறித்தான் வெளியே வர வேண்டும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெசர்கிளிங்கர் என்ற மருத்துவர் இந்தப் பாதைகளைப் பொறுமையாகக் கண்டறிந்து சொன்னதன் மேல்தான் இன்றைய எண்டாஸ்கோப் சைனஸ் அறுவை சிகிச்சையே எழுந்தது.

அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால் இந்த ஏற்பாடு குலைகிறது. நுண்மயிர் உள்ள செல்கள் உதிர்கின்றன. சளி சுரக்கும் செல்களோ பெருகுகின்றன. ஆக, சளி கூடுகிறது, அதை நகர்த்த ஆளில்லை. மேலடுக்கைத் தாங்கும் அடித்தளப் படலம் தடிக்கிறது, அதன் கீழே நீர் கோத்து வீங்குகிறது, நாளடைவில் நார்த்திசு படிகிறது. சிலருக்கு மேலடுக்கே தோலில் இருப்பதைப் போன்ற தட்டைச் செல்களாக மாறிவிடுகிறது, சிலருக்கு அடியில் உள்ள எலும்பும் தடித்துப்போகிறது. மூக்கில் சதை வளர்ந்திருப்பதாகச் சொல்லப்படும் பாலிப், உரித்த திராட்சை போல வெளிறி, வழுவழுப்பாக இருக்கும். அதை வெட்டிப் பார்த்தால் நீர் கோத்த தளர்வான திசுவும், ஒவ்வாமையிலும் ஆஸ்துமாவிலும் கூடுகின்ற ஈசினோஃபில் செல்களும்தான் பெரும்பாலும் தென்படும். பாலிப் உள்ளவர்கள் பலருக்கு ஆஸ்துமாவும் இருப்பதும், வாசனை அறியும் திறன் குறைவதும் இதனால்தான்.

இப்படி மாறிய சவ்வை ஆவி பிடித்து மீட்க முடியாது. சற்று நேரம் இதமாக இருக்கும், அவ்வளவே. அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் நீட்டித்தால் வீக்கம் முன்னிலும் அதிகமாகத் திரும்பும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் உப்புக் கரைத்து மூக்கைக் கழுவுவதும், மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை நாள் தவறாமல் பல வாரங்கள் அடிப்பதுமே அழற்சியைத் தணிக்கும் முதல் வழிகள். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு அஞ்சியோ, சில நாட்களில் பலன் தெரியவில்லை என்றோ பாதியில் நிறுத்துபவர்கள் ஏராளம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இந்த ஸ்பிரேயிலிருந்து உடலுக்குள் சேரும் மருந்தின் அளவு மிகக் குறைவு. ஸ்பிரேயைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பொருந்தும். அறுவை அடைபட்ட வாய்களைத் திறந்து மருந்து உள்ளே எட்ட வழி செய்கிறதே தவிர, சவ்வின் அழற்சிப் போக்கை நிறுத்திவிடுவதில்லை. ஸ்பிரேயைக் கைவிட்டால் பாலிப் மீண்டும் வளர வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 2019இல் பாலிப்புக்கு அனுமதி பெற்ற டுபிலுமாப் என்ற ஊசி மருந்து, அந்த அழற்சிச் சங்கிலியையே தடுக்கிறது என்றாலும் அதன் விலை சாமானியர்களுக்கு எட்டாதது.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட ஒன்று, அறுத்தெடுத்த திசுவின் பரிசோதனை. செலவு மிச்சம் என்று எண்ணி இதை வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. ஒரு பக்க மூக்கில் மட்டும் வளரும் சதை, பார்வைக்குப் பாலிப் போலவே இருந்தாலும், சிலரிடம் புற்றுநோயாக மாறக்கூடிய வேறு கட்டியாக இருக்கலாம். நுண்ணோக்கிதான் அதைப் பிரித்துக் காட்டும். நம் நாட்டில் அரிதல்லாத ஒவ்வாமைப் பூஞ்சை சைனஸிலோ, சதையைவிட அதனுடன் வரும் பிசின் போன்ற கெட்டிச் சளியில்தான் தடயம் இருக்கும் என்பதால், அந்தச் சளியையும் உறிஞ்சிக் கொட்டிவிடாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஈசினோஃபில் மிகுந்திருப்பதாக அறிக்கை சொன்னால், நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் முன்கூட்டியே அறிந்து தொடர் சிகிச்சையைத் திட்டமிடுவார்.

இந்தச் செய்திகளைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, சைனஸ் அறுவை செய்துகொள்ளும் வாசகர்கள் வீடு திரும்பிய பின் திசு அறிக்கையைக் கேட்டு வாங்கி, சி.டி. ஸ்கேன் படத்துடன் சேர்த்துப் பத்திரப்படுத்தி, அடுத்து எந்த மருத்துவரிடம் சென்றாலும் கொண்டுபோக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நோய்க்குறியியல் மருத்துவர்,
திருச்சிராப்பள்ளி