ஆந்தைக்கு வளையமிடும் காலம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ராத்திரியெல்லாம் காட்டுக்குள் இவளுக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பதாக எழுதியிருந்தாய். நீயும் விலங்கியல் படிப்பதால் இந்தத் தடவை விவரமாகவே எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. ஆந்தைகளை வலையில் பிடித்து, காலில் அடையாள வளையம் மாட்டி, திரும்பப் பறக்க விடுவதுதான் என் வேலை.

கனடாவில் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஆந்தைகள் வலசை போகும் காலம். ஒன்டாரியோ ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலம் பிரின்ஸ் எட்வர்ட் முனை. வடக்கேயிருந்து இறங்கும் பறவைகள் ஏரியைத் தாண்டுமுன் அங்கே வந்து ஒதுங்கும். நாங்கள் பிடிப்பது சா-வெட் ஆந்தை. நம் ஊர்ப் புள்ளி ஆந்தை உயரம்தான். எடை ஏறத்தாழ 75 முதல் 100 கிராம்.

வலை கறுப்பு நைலான். 12 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரம், வலைக்கண் 60 மில்லிமீட்டர். குறுக்குக் கயிறுகளுக்கு நடுவே தொய்வு விட்டுத்தான் கட்ட வேண்டும். மோதும் பறவை அந்தத் தொய்வுக்குள் விழுந்து நிற்கும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் மோதித் தெறித்துப் போய்விடும். அக்டோபரில் மேப்பிள் இலைகள் கொட்டுகிற காலம் வேறு. இலை ஏறிய வலை பறவை கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால் பொழுது சாயுமுன்பே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறோம். பறக்கும் அணில் மாட்டினால் கடித்து ஓட்டை போட்டுவிடும். ஊசியும் நூலும் எப்போதும் பையில் இருக்கும்.

இருட்டியதும் வலை நடுவில் ஒலிபெருக்கி வைத்து ஆண் ஆந்தையின் குரலை ஓட விடுவோம். குளிர்ந்த வாடைக்காற்று லேசாக அடிக்கும் இரவுதான் நல்ல இரவு. தூறல் விழுந்தாலோ காற்று பலத்தாலோ உடனே வலையைச் சுருட்டிவிட வேண்டும். நனைந்த பறவை குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். அரைமணி, மிஞ்சினால் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா வலையையும் சுற்றி வரவேண்டும். இதில் மட்டும் சலுகையே கிடையாது. மாட்டிக்கொண்ட சின்ன ஆந்தையைப் பெரிய ஆந்தை வந்து கொன்றுவிடும். பட்டை ஆந்தை அக்கம்பக்கத்தில் கத்தினாலே ஒலியை நிறுத்தி வலையை மூடிவிடுவோம்.

எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே விழுந்தது என்று பார்க்க வேண்டும். வந்த வழியாகத்தான் வெளியே எடுக்க முடியும். முதலில் கால். ஆந்தை நூலை இறுகப் பிடித்திருக்கும். நகத்தைப் பிரிக்கப் போராடாதே. காலை மெல்ல நீட்டினால் தசைநாண் தளர்ந்து பிடி தானாக விடும். பிறகு உடல், இறக்கை, கடைசியில் தலை.

கூடாரத்தில் அலுமினிய வளையம் மாட்டுவோம். மூடிய வளையம் காலில் தாராளமாகச் சுழலவேண்டும், விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. பழச்சாறு டின்னுக்குள் தலைகீழாக விட்டால் அமைதியாக இருக்கும், அப்படியே எடை போட்டு டின் எடையைக் கழிப்போம். இறக்கை நீளத்தையும் எடையையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியும். குரலுக்கு வருவதில் பெரும்பாலும் பெண்தான்.

எனக்குப் பிடித்தது வயது பார்ப்பது. இறக்கையின் அடிப்பக்கத்தில் புற ஊதா விளக்கடித்தால் புது இறகுகள் இளஞ்சிவப்பாக ஒளிரும். அதற்குக் காரணமான போர்ஃபிரின் நிறமி வெளிச்சம் பட்டுப் பட்டு அழிவதால் பழைய இறகு மங்கிவிடும். இறக்கை முழுக்க ஒரே சிவப்பாக இருந்தால் இந்த வருடத்துக் குஞ்சு. புதிதும் பழையதும் கலந்திருந்தால் மூத்தது. கடைசியில் பத்து நிமிடமாவது இருட்டில் வைத்து, அதன் கண் இருட்டுக்குப் பழகியபின் கிளையில் விடுவோம்.

அம்மாவிடம் சொல்: குளிருக்குக் கம்பளி உள்ளாடை போட்டுக்கொள்கிறேன். பருத்தி வியர்வையில் ஈரமானால் உடம்பு விறைத்துவிடும். உண்ணி ஏறாமலிருக்கக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, திரும்பியதும் உடம்பு முழுக்கப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே அதனால் லைம் நோய் வரும். இப்போது மதுரைக்கும் இந்த ஊருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நவம்பர் முதல் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தைத் திருப்பியதும் பத்தரை ஆகிவிடும், அதைப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

நீ அரிட்டாபட்டிப் பக்கம் குரலை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பாறை இடுக்கில் பெரிய கொம்பன் ஆந்தை முட்டையிட்டிருக்கும் மாதங்களில் அந்தக் குரல் தாய்ப்பறவையைக் கிளப்பிவிடும். அனுமதி இல்லாமல் வலை கட்டுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தொடங்குவதற்கு நல்ல வேலை கூகை அடையும் இடத்துக்கு அடியிலேயே கிடக்கிறது. அது எலியை முழுசாக விழுங்கி, மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். கையுறை போட்டுப் பொறுக்கு. பூஞ்சை பிடிக்குமாதலால் பிளாஸ்டிக் பையில் போடாதே. காகித உறையில் போட்டு நாளும் இடமும் எழுதி வெயிலில் காயவை. பிரிக்கும் அன்று வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, இடுக்கியால் மண்டையோடுகளையும் தாடைகளையும் தனியே எடு. பல் வரிசை தெரிகிற மாதிரி படமெடுத்து அனுப்பு. கம்மாய்க்கரை வயல்களில் எந்த எலியைத் தின்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா