எலுமிச்சை அளவு

சோலுலா, மெக்சிகோ,
ஞாயிறு இரவு.

அன்புள்ள முத்து,

உன் அக்கா வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. போனில் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதைத் தாண்டி நமக்குள் பேச்சு நகர்வதில்லை. அதனால்தான் கடிதம். நேற்று உன் அம்மா வகுப்புக்குப் போனாள். முப்பத்து நாலு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள், நேற்று ஒரு நாள் மாணவி. மாணவி என்றாலும் கடைசி வரிசை மாணவி.

ஏற்பாடு அக்காவுடையது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடும்பம் ஆட்களை வீட்டுக்கே வரவைத்து, நாள் முழுக்க இந்த ஊர்ச் சமையல் சொல்லித் தருகிறார்கள். "எனக்குப் போய்ச் சமையல் வகுப்பா?" என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லாமல் பணத்தைக் கட்டிவிட்டாள்.

காலை எட்டு மணிக்குச் சந்தையில் ஆரம்பித்தது. வீட்டின் பெரியம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். எல்லோரும் 'தோன்யா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். கூட மருமகளும், கல்லூரியில் ரசாயனம் படிக்கிற பேரனும். வற்றல் மிளகாய்க் கடைக்கு முன்னால் நான் நின்றுவிட்டேன். நமக்கு குண்டு மிளகாய், நீட்டு மிளகாய் என்று இரண்டு மூன்று தெரியும். இங்கே மூட்டை மூட்டையாகக் கறுப்பு, பழுப்பு, உலர்ந்த திராட்சை நிறம். பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், காய்ந்தால் வேறு பெயர். 'பொப்லானோ' காய்ந்தால் 'ஆன்ச்சோ'. 'ஹலபென்யோ' பழுத்துப் புகையில் காய்ந்தால் 'சிபோத்லே'. மிளகாய் நம்மிடம் வந்ததே இந்தக் கண்டத்திலிருந்துதான், போர்ச்சுக்கீசியர் வழியாக. மிளகு மாதிரி காரமாக ஒரு காய் வந்தது, நாமும் மிளகாய் என்று பெயர் வைத்துவிட்டோம். இதைப் பேரனிடம் சொல்லச் சொன்னேன். அவன் பாட்டியிடம் சொன்னான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்படியானால் காரம் தாங்குவாள்" என்றாராம்.

பட்டை வாங்கும்போது எடுத்து முகர்ந்தேன். மெல்லிசாகச் சுருண்ட இலங்கைப் பட்டை. இங்கே 'கனேலா' என்றால் அதுதான். இலங்கைப் பட்டையை மிக அதிகமாக வாங்குகிற நாடுகளில் மெக்சிகோவும் ஒன்று என்றாள் அக்கா. கடைசியில் எலுமிச்சை வாங்கினோம். அச்சு அசல் நம் ஊர்க்காய், சின்னது, பச்சை. "தம்பி ஊர்லதான்மா எலுமிச்சைன்னா மஞ்சளா, முட்டையை விடப் பெரிசா இருக்கும்" என்று பேச்சுவாக்கில் சொன்னாள். நானும் தலையாட்டிவிட்டு நடந்தேன். அந்த வார்த்தை மண்டையில் ஏற மத்தியானம் ஆனது.

வீட்டில் மக்காச்சோளம் முந்தின ராத்திரியே தயாராகியிருந்தது. இதை எழுதத்தான் எனக்கு ரொம்ப ஆசை, பொறுமையாகப் படி. ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் போலச் சுண்ணாம்பு. ஆமாம், தாத்தா வெற்றிலையில் தடவுவாரே, அதே சுண்ணாம்புதான். அந்தத் தண்ணீரில் தோல் கழலும் வரை வேகவிட்டு, இரவெல்லாம் அப்படியே ஊறவிட்டு, காலையில் அலசுகிறார்கள். இதற்கு 'நிஷ்தமால்' என்று பெயர். இப்படிச் செய்த சோளத்தை அரைத்தால்தான் மாவு உருட்ட வரும். சும்மா உலர்ந்த சோளத்தை அரைத்தால் தட்டும்போதே பிய்ந்து போகும்.

பேரன் அதற்கு மேலே ஒரு விஷயம் சொன்னான். ஸ்பெயின்காரர்கள் சோளத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பு வேலையை இங்கேயே விட்டுவிட்டார்கள். பிற்பாடு சோளக் கூழே கதி என்று கிடந்த வட இத்தாலி ஏழைகளுக்கும், இன்னும் பின்னால் அமெரிக்கத் தென் மாநிலத்து ஏழைகளுக்கும் பெலாக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு போய், புத்தி பேதலித்துச் செத்தார்கள். சோளத்தில் நியாசின் சத்து இருக்கிறது, ஆனால் சுண்ணாம்பு அவிழ்த்துவிட்டால்தான் உடம்புக்குச் சேரும். நியாசின் அந்த நோயைத் தீர்க்கும் என்பது 1937-ல்தான் தெரிந்ததாம். இங்கே பெண்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தார்கள். கொண்டுபோனவன் கேட்கவில்லை, இவர்களும் கூப்பிட்டுச் சொல்லும் நிலையில் இல்லை.

மாவு அரைக்க கிராமத்தில் மில் இருக்கிறது, நம் ஊர் மாவு மில் மாதிரியே வாசலில் வாளியோடு வரிசை. எங்களுக்குக் காட்டுவதற்காகக் கொஞ்சத்தைக் கல்லில் அரைத்தார்கள். 'மெதாத்தே' என்கிற அந்தக் கல் எரிமலைப் பாறையில் செதுக்கியது. மூன்று கால், முன்பக்கம் சரிவு. நம் அம்மிக்குத் தங்கச்சி. தோன்யா முழங்கால் போட்டு உட்கார்ந்து, உடம்பையே சாய்த்துத் தள்ளினார். என் முழங்காலைப் பற்றி உனக்குத் தெரியும். எனக்குப் பலகை போட்டார்கள். நான் பழக்கத்தில் முன்னும் பின்னும் இழுத்து அரைத்தேன். "தள்ளு, இழுக்காதே" என்று என் மணிக்கட்டில் ஒரு தட்டு. என்னை யாராவது தட்டித் திருத்தி எத்தனை வருஷம் ஆயிற்று!

உருட்டுகிற கல்லின் பெயர் என்ன என்று கேட்டேன். 'மெத்லாபில்'. இங்கத்திப் பூர்வகுடிகளின் நாவாத்தல் மொழிச் சொல். 'மெத்லத்' என்றால் அந்த அரைக்கிற கல், 'பில்லி' என்றால் பிள்ளை. கல்லின் பிள்ளை. கேட்டதும் எனக்குக் கை ஓடவில்லை. நாமும் அதைக் குழவி என்றுதானே சொல்கிறோம்? குழவி என்றால் கைக்குழந்தை என்று வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தியவள் நான். அம்மிக் குழவியையும் அந்தக் குழவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாளும் யோசித்ததில்லை. இரண்டு சொல்லும் ஒன்றிலிருந்து ஒன்று வந்ததாகச் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் நீ சிரிப்பாய். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருத்தி கல்லுக்கு மேல் கல்லைப் பார்த்து, பிள்ளை மடியில் கிடக்கிறது என்று நினைத்திருக்கிறாள். அவ்வளவுதான், அது போதும் எனக்கு.

இந்த மாவில் தட்டுகிற தோர்த்தியா ரொட்டி பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நாம் தட்டுகிற அடை மாதிரி என்று அலட்சியமாகத் தட்டினேன். ஓரம் வெடித்தது. கல்லில் போட்டு இரண்டு முறை திருப்பியதும் பந்து போல உப்ப வேண்டும், என்னுடையது படுத்தே கிடந்தது. உப்பினால்தான் பெண் கல்யாணத்துக்குத் தயார் என்று இங்கே ஒரு பேச்சு உண்டாம். "இந்த அம்மாவுக்கு இன்னும் காலம் வரவில்லை" என்று மருமகள் சொல்ல, வீடே சிரித்தது. அப்பாவிடம் இதைச் சொல்லாதே.

அப்புறம் 'மோலே'. கல்யாணம், திருவிழா என்றால் இந்த ஊரில் வான்கோழியும் மோலேயும்தான். கன்னியாஸ்திரி மடத்தில் ஒருத்தி கண்டுபிடித்தாள் என்று கதை இருக்கிறது, அந்த மடத்துச் சமையலறையைப் புயெப்லா நகரத்தில் ஓடு பதித்து அழகாக வைத்திருக்கிறார்கள். தோன்யா அந்தக் கதைக்குக் கையை வீசிவிட்டார். 'மொல்லி' என்பதே பழைய நாவாத்தல் சொல், குழம்பு என்று அர்த்தம், மடத்துக்கு முன்னாலேயே இருந்தது என்கிறார். மூன்று வகை மிளகாயை விதை நீக்கி, பன்றிக் கொழுப்பில் (நான் கண்ணை மூடிக்கொண்டேன்) புரட்டி எடுக்கிறார்கள். ஒரு நொடி கூடினால் கசந்துவிடும். பிறகு எள், பாதாம், நிலக்கடலை, உலர் திராட்சை, நேந்திரம் மாதிரி ஒரு வாழைப்பழம், கருக்கிய தோர்த்தியா, சுட்ட தக்காளி, கிராம்பு, மிளகு, பட்டை. எல்லாம் தனித்தனியாக வறுத்து, சேர்த்து அரைத்து, மறுபடி கொழுப்பில் கிண்டுகிறார்கள். கடைசியில்தான் சாக்லேட், அதுவும் கொஞ்சம். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்க வேண்டும் என்றார். அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் அவருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

நான் நோட்டுப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். மிளகாய் எவ்வளவு? "அல் தான்தேயோ" என்றார். எள்? அதே பதில். உப்பு? அதே. அக்காவைப் பார்த்தேன். "கண்ணளவும்மா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நாள் முழுக்க நின்று கற்றுக்கொள்ள வந்தவளிடம் கண்ணளவு என்றால் என்ன செய்வது? யாருடைய கண்? கேட்டுவிட்டேன். "கைராசிக்கு அளவு கிடையாது" என்கிற மாதிரி அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். என் நோட்டில் பொருள்களின் பெயர் மட்டும் வரிசையாக இருந்தது, எதிரே வெறுமை.

பேரன் என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினான். போன வருஷம் ஒரு நாள், பாட்டி எடுத்து வைக்கிற ஒவ்வொரு பாத்திரத்தையும் அவர் பார்க்காத நேரத்தில் தராசில் வைத்துக் குறித்திருக்கிறான். முலாத்தோ மிளகாய் இத்தனை கிராம், எள் இத்தனை கிராம். இன்னொரு நாள் மறுபடி நிறுத்திருக்கிறான். கிட்டத்தட்ட அதே எண்கள். "பாட்டியிடம் கேட்டால் சொல்லமாட்டார்" என்றான். "மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது."

அப்போதுதான் சாப்பாடு வந்தது, தட்டோரத்தில் பாதி எலுமிச்சை. பிழிகிறேன், மெல்ல ஏறுகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீ போன் செய்து மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டாய். எலுமிச்சை அளவு என்றேன். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, வாயில் வைக்க முடியவில்லை, கொட்டிவிட்டேன் என்றாய். "எலுமிச்சை அளவுதாம்மா போட்டேன்" என்று நீ சொல்லச் சொல்ல, உனக்குக் கை வராது, கடையில் வாங்கிச் சாப்பிடு என்றேன். அதற்குப் பிறகு நீ சமையல் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை. நீ பார்த்த எலுமிச்சை வேறு, ஐயா. நீ சொன்னபடிதான் செய்திருக்கிறாய்.

இன்று காலை சந்தையில் புளி வாங்கி வந்தேன், இங்கேயும் அதற்கு 'தமரிந்தோ' என்று பெயர். அக்காவின் தராசை எடுத்து வைத்துக்கொண்டு, என் கையில் வருகிற எலுமிச்சை அளவை மூன்று முறை உருட்டி நிறுத்தேன். 24, 26, 25. மற்றதையும் அப்படியே நிறுத்து, மீன் குழம்பு வைத்து, சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அரைக் கிலோ மீனுக்கு: ஓடும் கொட்டையும் இல்லாத புளி 25 கிராம், 400 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கரை. தேங்காய்த் துருவல் 80 கிராம், சீரகம் ஒரு தேக்கரண்டி, சின்ன வெங்காயம் நாலு, மூன்றையும் மையாக அரைத்துக்கொள். மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் மூன்று, மஞ்சள் அரை. உப்பு ஒன்றரை தேக்கரண்டியில் ஆரம்பி. தேக்கரண்டி என்றால் உங்கள் கடையில் விற்கிற 5 மில்லி கரண்டி, தலை தட்டி. நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கால் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, இன்னும் எட்டு வெங்காயம் போட்டு வதக்கு. புளித்தண்ணீரும் தூள்களும் சேர்ந்து பத்து நிமிஷம் கொதிக்கட்டும். அரைத்ததை ஊற்றி இன்னும் ஐந்து நிமிஷம். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும், அப்போது மீனைப் போடு. எட்டு நிமிஷம், சின்னத் தீ. மீன் போட்ட பிறகு கரண்டி விடாதே, சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்று.

அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடு. புளிப்பு கூடியதா குறைந்ததா என்று எழுது. கூடினால் அடுத்த தடவை 20 கிராம்.

அன்புடன்,
அம்மா