‘உணர்வு இல்லை’ என்று எழுதும் முன்: நரம்பியல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு வணக்கம்.

தலையில் அடிபட்டு கோமாவில் கிடந்தவர் கண் திறந்துவிட்டார், ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை. காலை ரவுண்ட்ஸில் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, ‘உணர்வு இல்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

நரம்பியல் விஞ்ஞானி அட்ரியன் ஓவனின் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. விபத்தில் சிக்கி ஐந்து மாதமாகியும் எதற்கும் அசையாத 23 வயதுப் பெண்ணை, மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொன்னார்கள். அசைவைத் திட்டமிடும் மூளைப்பகுதி இயங்கியது. வீட்டில் அறை அறையாக நடப்பதாக நினைக்கச் சொன்னதும், இடம் அறியும் பகுதிகள் இயங்கின. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கும் அப்படியேதான் இயங்கும். 2024-ல் வந்த பெரிய ஆய்விலும், சொன்னதற்கு அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை, ஸ்கேனிலோ, மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜியிலோ பதில் சொன்னது.

இதைக் காட்டி, மூளை போனாலும் மனம் இருக்கும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண்ணின் பதில் வந்ததே மூளையிலிருந்துதான். மூளைச்சாவு வேறு; அதில் மூளை மீள முடியாதபடி நின்றுபோயிருக்கும். நான்கு மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதிசெய்வது அது. இரண்டையும் குழப்பினால் அடிபடுவது உறுப்பு தானம்.

எல்லா ஊருக்கும் எஃப்எம்ஆர்ஐ கேட்கவில்லை. ஒரு கைக்கண்ணாடி போதும். நோயாளியின் முகம் அதில் தெரியும்படி அரைச்சாண் தூரத்தில் பிடித்து, மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். விரலைத் தொடராத கண், சில சமயம் தன் முகத்தைத் தொடரும். நோயாளிக்கு எவ்வளவு உணர்வு இருக்கிறது என்று அளக்கும் சிஆர்எஸ்-ஆர் அளவுகோலில் உள்ள சோதனைதான். மருத்துவர்கள் ஒருமித்து ‘வெஜிடேட்டிவ்’, அதாவது கண் திறந்திருந்தும் உணர்வு இல்லை, என்று முடிவுகட்டிய 44 பேரை அந்த அளவுகோலால் சோதித்தபோது, 18 பேருக்கு உணர்வின் அடையாளம் இருந்தது. 2009-லேயே வெளிவந்த கணக்கு இது.

ஒரு தடவை பார்த்தால் போதாது. மயக்க மருந்தின் வீரியம் குறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது செய்யுங்கள். ஒருமுறையாவது வீட்டார் பக்கத்தில் இருக்கட்டும். “நான் பேசினா கண்ணு கலங்குது டாக்டர்” என்று நோயாளியின் அம்மா சொல்வது பல நேரம் ஆசையாக இருக்கலாம். சோதிக்காமல் அப்படி ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. பிழைப்பாரா, எவ்வளவு செலவாகும் என்ற பேச்சையெல்லாம் கட்டிலருகே வேண்டாம். வராந்தாவுக்கு வந்து பேசுங்கள்.

இப்படிக்கு,
தலைக்காய நோயாளிகளோடு வேலை செய்யும் ஒரு பிசியோதெரபிஸ்ட்