சாக்கேயும் தீட்டிய அரிசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற மாதம் வெளிவந்த ஜப்பான் பயணக் கட்டுரையில் சாக்கே என்னும் அரிசி மதுவைப் பற்றிய பகுதியை ஆவலுடன் படித்தேன். கட்டுரையாளர் அனுபவித்து எழுதியிருக்கிறார். ஆயினும் சாக்கேயை ஓரிடத்தில் ‘அரிசிச் சாராயம்’ என்று குறிப்பிட்டிருப்பதும், பெட்டிச் செய்தியில் அரிசியை எவ்வளவுக்கெவ்வளவு தீட்டுகிறார்களோ அவ்வளவுக்கவ்வளவு சாக்கே உயர்ந்தது என்று தரவரிசை போட்டிருப்பதும் சரியல்ல. ஆரணியில் நெடுங்காலமாக அரிசி ஆலை நடத்தி வருபவன் நான். மதுவைப் பற்றிப் பேச எனக்கு அருகதை குறைவு; அரிசியைத் தீட்டுவது பற்றிப் பேசக் கொஞ்சம் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆலைக்கு இயந்திரம் பார்ப்பதற்காக ஹிரோஷிமா மாகாணத்திலுள்ள சைஜோ என்ற ஊருக்கு இருமுறை போயிருக்கிறேன். நம்மூர் ஆலைக்காரர்கள் பலரும் அறிந்த சடாகே நிறுவனம் பிறந்த ஊர் அது. ஜப்பானின் முதல் விசை அரிசி ஆலை இயந்திரத்தை சடாகே ரீச்சி 1896ஆம் ஆண்டு அங்கேதான் உருவாக்கினார். அதே ஊரில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்திற்குள், செங்கல் புகைபோக்கிகளும் வெள்ளைச் சுவர்களுமாகப் பல சாக்கே ஆலைகள் ஒரே தெருவை ஒட்டி நிற்கின்றன. சில ஆலைகளின் வாசலில் உள்ள கிணற்று நீரை யார் வேண்டுமானாலும் பிடித்துக் குடிக்கலாம். இயந்திரக்காரரும் சாக்கேக்காரரும் ஒரே ஊரில் இருப்பது தற்செயல் என்றே முதலில் நினைத்தேன். சாக்கேக்கு அரிசி தீட்டும் பொறியைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

முதலில் சாராயம் என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். சாராயம் காய்ச்சி வடிப்பது. சாக்கே காய்ச்சி வடிக்கப்படுவதில்லை, புளிக்கவைத்துப் பிழியப்படுவது. ஜப்பானில் காய்ச்சி வடிப்பவை ஷோச்சு, அவமோரி என்று வேறாக இருக்கின்றன. திராட்சையில் சர்க்கரை முன்பே இருப்பதால் ஈஸ்ட் நேரடியாக வேலையைத் தொடங்கிவிடும். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக்கக் கோஜி என்னும் பூஞ்சையை வேகவைத்த அரிசியின்மேல் தூவி, சுமார் 30 பாகை வெப்பமுள்ள மரச்சுவர் அறையில் இரண்டு நாள் வளர்க்கிறார்கள். பிறகு அந்தக் கோஜி அரிசி, வெந்த அரிசி, தண்ணீர், ஈஸ்ட் எல்லாம் ஒரே தொட்டியில் சேர, ஒரு பக்கம் மாவு சர்க்கரையாகிக்கொண்டே இருக்க, மறுபக்கம் அந்தச் சர்க்கரை அப்போதைக்கப்போதே ஆல்கஹாலாக மாறிக்கொண்டே இருக்கிறது. பீரில் இவை ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை. இரண்டும் ஒருசேர நடப்பதால்தான் காய்ச்சி வடிக்காமலேயே ஆல்கஹால் 20 விழுக்காடு வரை ஏறுகிறது. புட்டியில் அடைக்கும்போது பெரும்பாலும் தண்ணீர் சேர்த்து 15, 16 விழுக்காடாகக் குறைக்கிறார்கள்.

இனி தீட்டுவதற்கு வருகிறேன். சாக்கேப் புட்டியில் அச்சிட்டிருக்கும் விழுக்காடு, நீக்கியதைச் சொல்வதல்ல. தீட்டிய பின் எஞ்சியதைச் சொல்வது. தங்கள் பெட்டிச் செய்தியில் இது தலைகீழாகியிருக்கிறது. 60 விழுக்காடும் அதற்குக் கீழும் எஞ்சினால் கின்ஜோ என்றும், 50 விழுக்காடும் அதற்குக் கீழும் எஞ்சினால் தைகின்ஜோ என்றும் குறிப்பிடலாம் என்பது விதி. நாங்கள் சாப்பாட்டு அரிசிக்கு எட்டு, பத்து விழுக்காடு தவிடு எடுப்போம். அதற்கு மேல் ஒரு விழுக்காடு போனாலும் நெல்காரரிடம் கணக்குச் சொல்ல முடியாது. அங்கேயோ சரிபாதி அரிசி மாவாக உதிர்ந்து போவதை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மணியின் வெளிப்புறத்தில் புரதமும் கொழுப்பும் மிகுதி. அவை கூடினால் சாக்கேயின் சுவை கரடுமுரடாகும், மணம் மங்கும் என்பதே காரணம். நிமிர்ந்து நிற்கும் எமரிக் கல்லின்மேல் அரிசி மறுபடி மறுபடி விழுந்து சுற்றிவர, பாதியாகத் தேய்வதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் ஆகிறது. அவசரப்பட்டால் மணி சூடேறிக் குருணையாகிவிடும். தீட்டி முடித்த அரிசியை உடனே கழுவுவதும் இல்லை; சூடேறி வறண்டு வந்த மணி காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்ளும்வரை சில வாரங்கள் மூட்டையில் உறங்கவிடுகிறார்கள். சுடச்சுட மூட்டை பிடித்து லாரி ஏற்றியே பழகிய எனக்கு அந்தப் பொறுமை பொறாமையாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மணியின் நடுவில் சுண்ணாம்பு போல் வெள்ளை விழுந்த அரிசி எங்கள் வியாபாரத்தில் குறைபாடு; உடையும், விலை இறங்கும். சாக்கேக்காரர்கள் அந்த வெள்ளையைத்தான் தேடி வாங்குகிறார்கள், ஏனெனில் அந்த நெகிழ்ந்த மையத்திற்குள் கோஜியின் இழைகள் எளிதாக வேர்விட்டு இறங்குகின்றன. ஹியோகோ மாகாணத்தில் 1923இல் ஒட்டுச்சேர்க்கப்பட்டு 1936இல் பெயரிடப்பட்ட யமதா நிஷிகி இதற்குப் பேர்போன ரகம். பெரிய மணி, குறைந்த புரதம் என்று வாங்குகிறவருக்கு எல்லாம் இருக்கும். ஆனால் ஆள் இடுப்புக்கு மேல் வளர்ந்து காற்றடித்தால் சாய்ந்துவிடும் பயிர் என்பதால் விளைவிக்கிறவரின் பாடு தனி.

இவ்வளவு சொன்ன பிறகும், அதிகம் தீட்டியதே உயர்ந்தது என்பதை நான் ஏற்கவில்லை. அந்த விழுக்காடு செலவைச் சொல்லும், ஓரளவுக்குச் சுவை எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லும், கைத்திறனைச் சொல்லாது. வெளியிலிருந்து ஆல்கஹால் ஏதும் சேர்க்காத ஜுன்மை சாக்கேக்கு 70 விழுக்காடு வரையாவது தீட்டியிருக்க வேண்டும் என்றிருந்த கட்டாயம் 2004இல் நீக்கப்பட்டது. அதன்பின் 80, 90 விழுக்காடு எஞ்சும்படி மட்டும் தீட்டி, அரிசியின் சுவை கனத்து நிற்கும் நல்ல சாக்கே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே தீட்டி, கண்ணைப் பறிக்கும் விலையில் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை வியந்து பார்க்கலாம், ஆனால் அது ஆலையின் வித்தையே தவிர சாக்கேயின் வித்தையா என்பது என் ஐயம். சாக்கே செய்வோரிடையே வழங்கும் பழமொழியே முதலாவது கோஜி, இரண்டாவது ஈஸ்ட் வளர்க்கும் தாய்க்கலவை, மூன்றாவது தொட்டி என்றுதான் வரிசை வைக்கிறது. தீட்டுவதற்கு அதில் இடமே இல்லை. ஆலைக்காரனான எனக்கு வருத்தந்தான், என்ன செய்வது!

ஹிரோஷிமாவே இதற்குச் சான்று. கோபே நகரை ஒட்டிய நாதா பகுதியின் தண்ணீர் தாதுப்பு மிகுந்த கடின நீர். ஈஸ்ட் அதில் வேகமாகப் பெருகும். ஹிரோஷிமாவின் மென்னீரில் அந்த வேகம் வராமல் தொட்டிகள் கெட்டுப்போய்க்கொண்டிருந்தன. அகித்சு ஊரைச் சேர்ந்த மியுரா சென்சபுரோ என்பவர் கோஜியை மணியின் உள்வரை இறங்கச் செய்து, குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கும் முறையைப் பல ஆண்டுகள் முயன்று வகுத்து, 1898இல் நூலாகவும் வெளியிட்டார். 1907இல் நடந்த முதல் தேசியப் போட்டியில் ஹிரோஷிமா சாக்கேக்கள் முன்னணிப் பரிசுகளை வென்றன. இன்றைய கின்ஜோவின் நறுமணத்திற்கு அடித்தளம் அந்த நிதானமான குளிர்ப் புளிப்புத்தான். செங்குத்துத் தீட்டுப் பொறி 1930 வாக்கில்தான் அதனோடு வந்து சேர்ந்தது.

கட்டுரையாளர் நல்ல சாக்கேயைக் குளிரவைத்தே குடிக்க வேண்டும் என்கிறார். மணமுள்ள கின்ஜோவுக்கு அது பொருந்தும். ஆனால் பழைய முறையில் லாக்டிக் அமில பாக்டீரியாவை இயற்கையாக வளரவிட்டுச் செய்யும் கிமோத்தோ வகையை 40, 45 பாகைக்கு வெந்நீரில் இதமாகச் சூடாக்கினால்தான் அதன் புளிப்பும் உரமும் விரியும். பெரும்பாலும் ஒவ்வொரு ஐந்து பாகைக்கும் ஜப்பானியர் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 5 பாகை பனிக்குளிர், 10 பூக்குளிர், 15 இளங்காற்றுக் குளிர், 30 வெயில் சூடு, 35 மனித மேனிச் சூடு. அவரவர் கிண்ணத்தை அவரவரே நிரப்பிக்கொள்ளாமல் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுவதும், இடையிடையே தண்ணீர் குடிப்பதும் அங்குள்ள வழக்கம். கொஞ்சமாகக் குடிக்கிற எனக்கு இந்த இரண்டாவது வழக்கம் மிகவும் உதவியது.

தங்கள் கட்டுரை தொடாத ஒன்று, இந்தத் தொழில் உள்நாட்டில் சுருங்கி வருவது. 1970களின் தொடக்கத்தில் இருந்த உச்ச விற்பனையில் கால் பங்குகூட இன்று இல்லை. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய அரிசிப் பஞ்சத்தில் ஆல்கஹாலும் சர்க்கரையும் கலந்து மும்மடங்காகப் பெருக்கிய மலிவுச் சாக்கே, போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஆகியும் கடைகளில் நிலைத்து, ஒரு தலைமுறையின் நாக்கையே கெடுத்தது. முன்பு குளிர்காலத்தில் மட்டும் வந்து வேலை பார்த்த உழவர்களும் அவர்களுக்குத் தலைவரான தோஜிகளும் குறைந்துவிட்டார்கள். மறுபுறம், ஆலைக்குள் பெண்களைச் சேர்க்காத பழைய வழக்கம் தளர்ந்து, அதே அகித்சுவில் இமதா மிஹோ என்ற பெண்மணி தோஜியாக இருந்து, வழக்கொழிந்த ஹத்தான்சோ என்னும் உள்ளூர் நெல்லை மீட்டுச் சாக்கே செய்கிறார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது. கோஜியைக் கொண்டு மது செய்யும் மரபறிவை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. புட்டிக்குத் தனியாக அல்ல, அந்தக் கைகளின் அறிவுக்கே அந்த இடம் கிடைத்திருக்கிறது என்பதையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும்.

ஆகவே, அடுத்த இதழில் ‘அரிசிச் சாராயம்’ என்ற சொல்லையும், தீட்டல் விழுக்காடு நீக்கிய அளவு என்று அச்சான வரியையும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தரவரிசைப் பட்டியலைத் திருத்துவதைவிட எடுத்துவிடுவது நல்லது.

இங்ஙனம்,
அரிசி ஆலை உரிமையாளர் ஒருவர்,
ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம்.