எங்கள் போறணை பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இரண்டு கிழமையாகக் கைபேசிகளில் சுற்றும் அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பேக்கரியின் பின்கதவுக்கு வெளியே நின்று எடுத்தது. உள்ளே பளபளவென்று ஒரு கரண்ட் போறணை தெரிகிறது. ‘விறகுப் பாண் என்று போர்டு போட்டு ஊரை ஏமாற்றுகிறார்கள்’ என்று ஒரு குரல் சொல்கிறது. விலை கூடிப்போச்சு என்று ஏசினால் கேட்டுக்கொள்வேன். பணிசில் சீனி குறைவு என்றாலும் சரி. ஏமாற்று என்ற சொல்தான் தொண்டைக்குள் நிற்கிறது.

அந்தக் கரண்ட் போறணை கேக்குக்கும் பணிசுக்கும். ஐந்து வருடமாக அங்கேதான் நிற்கிறது, யாருக்கும் ஒளித்து வைக்கவில்லை. றோஸ் பாணும் அச்சுப் பாணும் அதற்கு நாலடி தள்ளி இருக்கிற பழைய விறகுப் போறணையில்தான் வேகின்றன. வீடியோ எடுத்த தம்பி கையை ஒருக்கால் இடது பக்கம் திருப்பியிருந்தால் அதுவும் வீடியோவில் விழுந்திருக்கும்.

அந்தப் போறணையை அப்பா கட்டியது 1956 இல், யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கிய வருடம். எனக்கு 5 வயது. கொக்குவில் அப்போது பாதி தோட்டம், பாதி சுருட்டுக் கொட்டில். கே.கே.எஸ். வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால் இரண்டு பக்கமும் கிடுகு வேலி, வேலிக்கு மேலால் புகையிலை வாசம். கொட்டிலில் ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் சுருட்டுச் சுற்றுவார்கள். கொஞ்சம் வளர்ந்த பிறகு அவர்களுக்குப் பாணும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொடுத்துவிட்டு உடனே திரும்ப மாட்டேன், வாசிப்பு முடியும் வரை தூணோடு சாய்ந்து நிற்பேன். 1959 இல் பிரதமர் பண்டாரநாயக்கா சுடப்பட்ட செய்தியைக் கேட்டது அந்தத் தூணடியில்தான். சுருட்டு சுற்றிய கைகள் எல்லாம் ஒரு கணம் அப்படியே நின்றன.

இரவில் போறணைச் சுவரோடு சாக்கை விரித்துப் படுப்போம். மார்கழிப் பனிக்கு அதைவிட இதமான இடம் ஊரில் கிடையாது. காவோலையும் பன்னாடையும் வைத்து மூட்டி, வன்னி விறகை அடுக்கி, எரிந்து தணலானதும் அதை வழித்தெடுத்து, நனைத்த சாக்கைக் கம்பில் கட்டி உள்நிலத்தைத் துடைப்பார் அப்பா. பிறகு ஒரு கிள்ளு மாவை உள்ளே எறிவார். உடனே கறுத்தால் பொறுக்க வேண்டும். மெல்லச் சிவந்தால் பாணை வைக்கலாம். எங்களிடம் இன்றைக்கும் அந்தக் கிள்ளு மாதான் வெப்பமானி. விடிய மெயில் வண்டி கொக்குவிலைக் கடக்க முன்னம் பாண் பெட்டி கட்டின சைக்கிள்கள் வெளிக்கிட்டிருக்க வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டு உறவுகள் ‘அந்தக் காலத்துப் பாண் மாதிரி இல்லை’ என்கிறார்கள். இருக்காதுதான். அப்பா தொடக்கத்தில் கள்ளு விட்டு மாவைப் புளிக்க வைத்தார், நாங்கள் ஈஸ்ற் போடுகிறோம். குளப்பிட்டிச் சந்தியிலிருந்து வெயிலில் நடந்து வந்த பசியை நான் எந்தக் கடையில் வாங்க? இன்னொன்று. அந்தக் காலத்தில் எல்லோரும் உள்ளே வந்து இருந்து தேத்தண்ணி குடிக்கவில்லை. சிலருக்கு வாசலோடு, தனிப் பேணியில். அப்பாவும் ஊரோடு ஒத்துத்தான் போனார். அந்தக் காலம் அப்படியே வேண்டும் என்பவர்கள் அதையும் சேர்த்து நினைக்கட்டும்.

1973, 74 பாண் தட்டுப்பாட்டில் விடிய முன்னமே வரிசையில் நின்றவர்கள் நீங்கள். 1995 இடப்பெயர்வில் பூட்டிய கடைக்கு மறு வருடம் திரும்பி வந்தபோது கூரை இல்லை, போறணை மட்டும் நின்றது. முதல் நாள் போட்ட பாணுக்குச் சிலர் மிச்சக் காசு கேட்காமலே போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் வருகிறார்கள். 2022 இல் காஸ் இல்லாமல் எத்தனையோ பேக்கரிகள் பூட்டிக் கிடந்தபோது நாங்கள் பாண் போட்டது எதில் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த நாட்களில் வரிசையில் நின்றபடியே விறகு இறக்கித் தந்தவர்களை நான் மறக்கவில்லை.

28 வருடம் போறணை பார்த்த அண்ணை போன ஐப்பசியில் பிரான்சுக்கு, மகளிடம் போய்விட்டார். இப்போது இரண்டு தம்பிமார் பழகுகிறார்கள். கிள்ளு மா சிவப்பதைப் பார்க்கக் கண் பழக வேண்டும், அதற்கு நாள் எடுக்கும். அடி கருகின பாண் கிடைத்திருந்தால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம். அண்ணை போன புதிதில் ஒரு பத்து நாள் கொஞ்சப் பாண் கரண்ட் போறணையில் போட வேண்டி வந்தது, மற்றும்படி எல்லாம் விறகுப் போறணையில்தான்.

வருகிற முதலாம் திகதியிலிருந்து றாத்தலுக்கு 20 ரூபா கூடுகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் போறணை மூட்டமாட்டோம். நிறை 450 கிராம் அப்படியே. தராசு மேசையில் இருக்கிறது.

சந்தேகம் உள்ளவர்கள் இரவு 8 மணிக்குப் பின்பக்கமாக வாருங்கள், விறகு அடுக்கும் நேரம். வீடியோ எடுத்த தம்பியும் வரலாம், பிளேன்ரீ தருவோம். செருப்போடு வாருங்கள், நிலம் சுடும்.

இப்படிக்கு,
உங்கள் பேக்கரிக்காரன் (போர்டில் வெதுப்பகம்)
கொக்குவில்