மயில் படம் அனுப்பிய பிள்ளைக்கு

அன்புள்ள தம்பிக்கு,

லண்டன் ஹாலந்து பார்க்கில் எடுத்த மயில் படம் அனுப்பினாயே, அதற்கப்புறம் ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. வேலை இருக்கும், தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

அந்தப் பூங்கா யார் வீட்டுத் தோட்டம் தெரியுமா? இருபத்தெட்டு வருஷம் வரலாறு நடத்தியவள் சும்மா இருப்பேனா, தேடிப் படித்தேன். ஹென்றி ஃபாக்ஸ் என்ற அரசியல்வாதியின் வீடு, 1940-இல் குண்டு விழுந்து பெரும்பகுதி போய்விட்டது. அவர் 1757 முதல் 1765 வரை படைகளுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் பதவியில் இருந்தவர். அரசாங்கப் பணம் கையில் தங்கியிருக்கும் வரை அதில் வரும் லாபம் அவருக்குத்தான், அன்றைக்கு அது குற்றமில்லை, ஆனால் ஊர் ஏசியது. 1744-இல் ரிச்மண்ட் டியூக்கின் மூத்த மகள் கரோலினை, பெற்றவர்கள் வேண்டாம் என்றும் கேட்காமல், ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். நாலு வருஷம் அவர்கள் மகள் முகம் பார்க்கவில்லை. நம் சின்னத்தை கதைதான்.

1749-இல் பிறந்த மகன் சார்லஸ் மேல் ஹென்றிக்கு அப்படி ஒரு பிரியம். சின்ன வயதில் அப்பாவின் கடிகாரத்தை உடைக்கப் போகிறேன் என்றானாம், உடைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் உடை என்று விட்டாராம். அதுகூடப் போகட்டும். 1763-இல், ஈட்டனில் படித்துக்கொண்டிருந்தவனை அவரே பாரிசுக்கும் ஸ்பா என்ற ஊருக்கும் அழைத்துப் போய், சூதாடுவதற்குக் காசும் கொடுத்திருக்கிறார். பதினாலு வயசு, தம்பி. அந்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

பையன் லேசுப்பட்டவன் இல்லை. பத்தொன்பது வயதில் பாராளுமன்றத்தில் உட்கார்ந்துவிட்டான். பேச ஆரம்பித்தால் சபை அசையாதாம். நீ மாவட்டப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியபோது தலைமையாசிரியர் எழுந்து நின்றாரே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது, அந்தக் கோப்பையை இன்னும் வாரம் ஒருமுறை துடைத்து வைக்கிறேன். இவ்வளவு தெரிந்த பிள்ளை ஒரு போன் செய்ய மாட்டேன் என்கிறாயே.

சார்லசுக்குச் சூதாட்டக் கடன் மட்டும் 1,20,000 பவுண்டு. சாகப்போகிற சமயத்தில் அப்பா அதைக் கட்டினார். 1774 ஜூலை 1-ஆம் தேதி அவர் போனார், 24-ஆம் தேதி கரோலின். அதே வருஷம் மூத்தவன் ஸ்டீபனும். (சென்னைக் கோட்டையில் 1781 முதல் 1785 வரை கவர்னராக இருந்த மெகார்ட்னி இந்த ஸ்டீபனின் நண்பர்தான்.) சார்லசுக்கு அப்போது இருபத்தைந்து வயசு, உன்னைவிட இரண்டு வயசு சின்னவன்.

எனக்குக் கரோலினை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை. ஸ்பாவில் அந்தக் காசை எண்ணிக் கொடுத்தபோது அவளுக்குத் தெரியுமா, தெரிந்தும் பேசாமல் இருந்தாளா?

போன மாதம் யாரோ ஒருவர் இங்கிலீஷில் உன் பெயரைச் சொல்லி இரண்டு தடவை வீட்டுக்கு போன் செய்தார். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஜனவரியில் நீ கேட்டாய், அனுப்பினேன், மறுபடி கேட்டாய், அதையும் அனுப்பினேன், எதற்கு என்று கேட்கவில்லை. நேரத்துக்குத் தூங்கு, தம்பி. ராத்திரி போனைத் தள்ளி வை.

ஒன்பதாவது படிக்கும்போது டியூஷன் பணத்தைக் கிரிக்கெட் பந்தயத்தில் விட்டுவிட்டு வந்து நின்றாயே. ஒரு வார்த்தை கேட்காமல் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். அப்பாவிடம் மூச்சு விடாதே என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். பிள்ளை முகம் வாடக்கூடாதென்று செய்ததாகத்தான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜம் வேறு. நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று உன் அப்பா என்னைக் கேட்பாரே, அந்தப் பயம். என்னைக் காப்பாற்றிக்கொள்ள உனக்கு ஒளிக்கக் கற்றுக்கொடுத்தேன்.

அப்புறம் 1793-இல், நாற்பத்துநாலு வயதில், நண்பர்கள் கூடிப் பணம் திரட்டி சார்லஸின் கடனை அடைத்தார்கள். அதோடு சூதாட்டத்தை விட்டான். அடிமை வியாபாரத்தை ஒழிக்க 1806 ஜூனில் பாராளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து ஜெயித்ததும் அவன்தான், செப்டம்பரில் போய்விட்டான். இந்தியா மசோதா, 1783 என்று வகுப்பில் இரண்டே வரியில் அவனைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

எவ்வளவு என்று மட்டும் சொல். திட்ட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, அப்பா அப்போது கோயிலுக்குப் போயிருப்பார். வேண்டாம், சாயங்காலம் கூப்பிடு, அவர் வீட்டில் இருக்கும்போது.

அம்மா