பூக்காரருக்கு ராத்திரியில் யார் கடன் கொடுப்பது?

மாவட்ட வளர்ச்சித் திட்டம் எழுதப்போகும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் முக்கால் ஏக்கரில் மல்லி போட்டிருக்கும் வீட்டிலிருந்து எழுதுகிறேன். வளர்ச்சி என்றாலே தொழிற்பேட்டைக்கு நிலம், அப்புறம் மானியம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. சரி, அதுவும் வேண்டும். ஆனால் விடியுமுன் பறித்த மொட்டு மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் யார் கடையில் போய் இறங்குகிறது, ஏன் அங்கேயே இறங்குகிறது என்று யாராவது கேட்டீர்களா?

முன்பணம் கொடுத்தவர் கடையில்தான். தங்கச்சி பிரசவத்தன்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டோம், எங்கள் கமிஷன் கடைக்காரர் ஒரு தாள்கூடக் கேட்காமல் பணம் அனுப்பினார். அவரைத் திட்ட எனக்கு மனசு வராது. ஆனால் அந்தப் பாக்கி தீரும்வரை அவர் போடுவதுதான் விலை, அதிலும் கமிஷன் போக மிச்சம்தான் கைக்கு வரும். மார்கழிப் பனியில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது செடியில் பூ இருக்காது, கோடையில் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது சென்ட் கம்பெனி கேட்கிற விலைக்குத் தள்ளிவிட வேண்டும். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வந்தபோது ஊரே மகிழ்ந்தது, நாங்களும்தான். பாக்கி நோட்டில் ஒரு வரி மாறவில்லை.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது. விவசாயி என்ற அட்டை இருந்தால் போதும், தரகர் கிடையாது, தராசும் கொடுத்தார்கள். காய்கறிக்கு அது எடுபட்டது. அதையே பூவுக்கும் திறந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், கடன்பட்டவன் அங்கே வரவே மாட்டான். எத்தியோப்பியாவில் 2008இல் விளைபொருள் பரிமாற்ற மையம் தொடங்கி, காப்பிக்கொட்டையைக் கிடங்கில் வைத்து ரசீதின் பேரில் விற்கிறார்கள். கொட்டை காத்திருக்கும். மல்லி சாயங்காலம் மலர்ந்துவிடும், அப்புறம் அதை யார் வாங்குவார்?

அதனால் கடனில் கை வையுங்கள். களஞ்சியம் பெண்கள் குழுக்களை வளர்த்த தானம் அறக்கட்டளை இதே மதுரையில் இருக்கிறது, சேமிப்பும் கடனும் எப்படி ஓடும் என்று அந்தப் பெண்களே சொல்வார்கள். கூட்டுறவு வங்கிப் பணத்தைக் குழு வழியாகக் கொடுங்கள், பட்டா கேட்காமல், ஏனென்றால் பாதிப் பேர் குத்தகைக்காரர்கள். பூ விற்ற காசில் வாரத் தவணையாகக் கட்டுகிறோம். அவசரத்துக்கு ராத்திரியும் பணம் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய கடைக்கேதான் போவோம். முதலில் ஒரே ஒரு ஒன்றியத்தில் ஒரு வருஷம் பாருங்கள்.

இதைப் பற்றிப் பேசக் கூட்டம் வைத்தால் காலையில் வேண்டாம், அந்நேரம் நாங்கள் கொல்லையிலோ மார்க்கெட்டிலோ இருப்போம்.